கிட்டப்பாவும் காசி ஐயரின் பெட்டியும்

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தரவேண்டும் என்று மலர்க்குழு அன்பர்கள் பணித்தபோது, கவிஞர் ஒருவரைப் பற்றித்தான் எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். நான் எடுத்துக்கொண்டது ஒரு நாடக நடிகரை. எழுத்தால் அன்றிக் குரலால் பெயர் பெற்றவரை. இதற்குக் காரணம் நம் மாதக் கூட்டம் ஒன்றிலேயே பிறந்தது.

பாரதியார் ஆர்மோனியத்தை வெறுத்தார் என்னும் பேச்சு அன்று எழுந்தது. மரபுக்கவிஞர் ஒருவர் அவ்வெறுப்பு நியாயமே என்றார். புதுக்கவிதை நண்பர்கள் வழக்கம்போல் எதிர்க்கட்சி. வாதம் சூடேறிக்கொண்டிருக்க, தண்டையார்பேட்டைப் பக்கத்தில் பல்லாண்டுகள் ஆர்மோனியம் பழுதுபார்த்து வந்த முதியவர் ஒருவர், பார்வையாளராக வந்திருந்தவர், எழுந்து ஒரே ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு அமர்ந்தார். கிட்டப்பாவின் குரலைப் பற்றி ஆளுக்கு ஒரு புத்தகம் எழுதுகிறீர்கள், அந்தக் குரலுக்கு அடியில் தரையாகக் கிடந்த பெட்டியைப் பற்றி ஒருவரும் ஒரு பக்கம் எழுதவில்லை என்பது அவர் குறை. கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று இரவு திருவொற்றியூருக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் குறை என்னோடு பேருந்தில் வந்தது. இக்கட்டுரை அதற்கு நான் தரும் காலதாமதமான பதில்.

செங்கோட்டை இன்று தமிழ்நாட்டு ஊர். 1956 வரை அது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அவ்வூரில் கங்காதர ஐயர், மீனாட்சி அம்மாள் தம்பதியருக்கு 1906ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள் பிறந்தவர் இராமகிருஷ்ணன். வீட்டில் கிட்டப்பா என்று அழைத்தார்கள். அந்தச் செல்லப்பெயரே நாட்டுக்கும் பெயராயிற்று. பெரிய குடும்பம், சிறிய வருவாய். பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டிய பிள்ளைகள் நாடகக் கொட்டகைக்குப் போனார்கள். மூத்தவர்கள் முன்னே செல்ல, ஆறு வயதை ஒட்டிய பருவத்திலேயே கிட்டப்பாவும் மேடை ஏறினார். சகோதரர்களில் காசி ஐயர் பெட்டியின்முன் அமர்ந்தார். இந்த இருவரைப் பற்றியதே இவ்வரலாறு என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அக்காலத்து நாடகத்தைப் பற்றிச் சிறிது நினைவூட்ட வேண்டும். தூத்துக்குடியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் தமிழ் மேடைக்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தார். நடிகர்கள் மேடையில் மனம்போனபடி வாதம் வளர்த்துக்கொண்டிருந்த காலத்தில், பாட்டும் வசனமுமாக முழு நாடகத்தை எழுதிக் கையில் கொடுத்தவர் அவர். பெரியவர்களைக் கட்டி மேய்க்க முடியாது என்று கண்டு சிறுவர்களைத் திரட்டிப் பயிற்றுவித்தார். 1910இல் மதுரையில் அவர் தொடங்கிய சமரச சன்மார்க்க நாடக சபையில் பயின்றவர்களுள் கிட்டப்பாவும் ஒருவர். விடிய விடிய நடக்கும் நாடகம். ஒலிபெருக்கி இல்லை. ஆயிரம் பேர் அமர்ந்த கொட்டகையின் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரனுக்கும் சொல் சொல்லாகக் கேட்கவேண்டும். ஆகவே நடிகனுக்கு முதல் தகுதி தொண்டை. முகம் அதற்குப் பின்புதான். அந்தத் தொண்டை பாதையைத் தவறவிடாமல் இருக்க ஒரு துணை தேவைப்பட்டது. அத்துணையாக வந்து அமர்ந்ததுதான் ஆர்மோனியம்.

இனி அப்பெட்டிக்குள் சற்று எட்டிப் பார்ப்போம். கவிதை எழுதுகிறவர்களுக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் இரண்டு பத்திகளைத் தாண்டிச் செல்லலாம். ஆனால் சுருதி என்னும் சொல்லை அடிக்கடி பயன்படுத்துகிறவர்கள் நாம்தாம்.

ஒரு பித்தளைத் தகட்டில் நீளவாக்கில் ஒரு துளை. அத்துளைக்குச் சரியாக அடங்கும் மெல்லிய பித்தளை நாக்கு ஒன்று, ஒரு முனை மட்டும் ஆணியால் இறுக்கப்பட்டு, மறுமுனை சுதந்திரமாக இருக்கிறது. காற்று அவ்வழியே புகும்போது நாக்கு துளைக்குள் போவதும் வருவதுமாகத் துடிக்கிறது. ஒரு விநாடிக்கு எத்தனை முறை துடிக்கிறதோ அதுவே அதன் சுருதி. நாதசுரத்தின் சீவாளியும் துடிப்பதுதான். ஆனால் சீவாளி வாசிப்பவரின் உதட்டுக்கு இடையில் இருக்கிறது. உதடு அழுத்தினால் சுரம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். பித்தளை நாக்குக்கு உதடு இல்லை. அதன் நீளமும் கனமும் அதற்குரிய ஒரே சுரத்தை விதித்துவிட்டன. நீண்ட நாக்கு தாழ்ந்து பேசும், குறுகியது உயர்ந்து பேசும். சுருதி சற்றுக் குறைந்தால் நாக்கின் நுனியைச் சுரண்டுவார்கள், கூடினால் அடிப்பக்கத்தைச் சுரண்டுவார்கள். நுனி இலேசானால் துடிப்பு விரைகிறது, வேர் இலேசானால் துடிப்பு சோர்கிறது. தண்டையார்பேட்டை முதியவர் எனக்கு இதைச் செய்து காட்டியபோது ஒரு சிறு கத்தியும் ஒரு மெல்லிய தகடும் அன்றி வேறு கருவி அவரிடம் இல்லை. மற்றதெல்லாம் காது.

காற்றைத் தருவது துருத்தி. கொல்லன் உலைத் துருத்திக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஆர்மோனியத்தில் துருத்தி இரண்டு. வெளித் துருத்தி காற்றை உள்ளே தள்ளுகிறது. உள்ளே இருக்கும் மற்றொன்று வில்கம்பிகளின் அழுத்தத்தில் அக்காற்றைச் சேமித்து ஒரே சீராக அனுப்புகிறது. கட்டையை அழுத்தினால் அதன் மறுமுனையில் தோல் ஒட்டிய மூடி திறக்கிறது. காற்று அந்த நாக்கின் வழியே பாய்கிறது. இவ்வளவுதான். இதன் உறவினர்களுள் மெலோடியன் என்னும் சிறு துருத்திப் பெட்டி ஒன்று உண்டு. கப்பல் மாலுமிகள் மடியில் வைத்து வாசிப்பது. அதில் சேமிப்புத் துருத்தி கிடையாது. ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டு துருத்தியை விரித்தால் ஒரு சுரம், ஒடுக்கினால் வேறொரு சுரம். மூச்சை இழுக்கும்போது ஒன்றும் விடும்போது ஒன்றுமாகப் பேசும் கருவி அது. ஆகையால் அதன் பாட்டில் எப்போதும் ஒரு துள்ளல் இருக்கும். நடனத்துக்கு நல்லது. நம் நீண்ட கார்வைகளுக்கு ஆகாது. அமெரிக்காவில் இதே பெயரில் காலால் மிதிக்கும் பெட்டி ஒன்றும் இருந்தது. அது காற்றை வெளியே தள்ளாமல் உள்ளே உறிஞ்சிப் பேசியது. பாரிசில் தெபேன் என்பவர் 1842இல் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம் காற்றைத் தள்ளும் இனம். நாக்கின் தத்துவம் என்னவோ இவர்கள் யாருக்கும் சொந்தமன்று. சீனத்தில் மூங்கில் குழல்களைச் சேர்த்துக் கட்டிய ஷெங் என்னும் வாத்தியத்தில் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே அது இருந்தது.

கிறித்தவ ஊழியர்களோடும் வணிகர்களோடும் கப்பலேறி வந்த கால்பெட்டி, தேவாலயத்திலிருந்து இறங்கி நாடகக் கொட்டகைக்குள் நுழைய நீண்ட காலம் ஆகவில்லை. கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதைத் தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு மறு கையால் வாசிக்கும் கைப்பெட்டியாக மாற்றினார். வடநாடு கைப்பெட்டியை ஏற்றுக்கொண்டது. தமிழ் நாடக மேடை கால்பெட்டியை விடவில்லை. இது கவனிக்கத்தக்கது. கால் துருத்தி போடும்போது இரு கைகளும் விடுதலை பெறுகின்றன. ஒரு கை நடிகரின் பாட்டோடு ஓட, மறு கை கீழே ஆதாரத்தைப் பிடித்து நிற்கலாம். முழக்கமும் அதிகம். இன்னொன்றும் உண்டு. பெட்டிக்காரர் வாசிப்பதோடு நிற்பதில்லை; அவர் பாடவும் வேண்டும். நடிகர் விட்ட அடியை எடுத்துப் பாடி, அவர் மூச்சு வாங்கவும் அடுத்த வசனத்தை நினைத்துக்கொள்ளவும் இடம் தருவார். பின்பாட்டு என்று இதற்குப் பெயர். கதாநாயகன் திரைக்குப் பின்னாலிருந்து முதல் அடியைப் பாடிக்கொண்டு வருவது மரபு. அவன் முகம் தெரியும் முன்பே அவனுடைய சுருதியை அவைக்கு அறிவிப்பது பெட்டிதான்.

நம் பாடகர்கள் தம் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வதும் இப்பெட்டி தந்த வழக்கமே. முதல் வெள்ளைக் கட்டை ஒன்று, அடுத்த வெள்ளை இரண்டு. இடையிலுள்ள கறுப்புக் கட்டை ஒன்றரை. மூன்றரைக் கட்டை என்று எவரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். மூன்றாம் வெள்ளைக்கும் நான்காம் வெள்ளைக்கும் நடுவில் கறுப்பே இல்லை. ஆயிரம் ஆண்டுப் பழமை பேசும் ஒரு சங்கீதம் தன் அடிச்சுரத்தை அளக்க ஓர் அயல்நாட்டுப் பெட்டியின் மரக்கட்டையை முழக்கோலாகக் கொண்டது விந்தை. அதைவிட விந்தை, பெட்டியைப் பழித்த வித்துவான்களும் அந்தக் கோலைக் கீழே போடவில்லை.

ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையில் நிற்பார்கள். பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. கிட்டப்பா ஐந்து கட்டை அளவில் பாடினார் என்பது அவரைக் கேட்டவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்த செய்தி. இசைத்தட்டுகளும் அதற்குச் சான்று பகர்கின்றன. ஐந்து கட்டை என்பது விநாடிக்கு ஏறத்தாழ 196 துடிப்பு. மேல் சட்சமம் 392. அதற்கும் மேலே பஞ்சமம் வரை ஏறினால் 590ஐ நெருங்கும். அந்த உயரத்தில் நின்று, குரல் கிழியாமல், சொல் சிதையாமல், பொடிப்பொடியான சங்கதிகளை உதிர்ப்பது தேகக் கட்டினால் மட்டும் ஆகிற காரியமன்று.

1919இல் கிட்டப்பா சகோதரர்கள் கன்னையா கம்பெனியில் சேர்ந்தார்கள். ஸ்ரீகிருஷ்ண விநோத சபா என்பது அதன் பெயர். கன்னையா காட்சி ஜோடனைக்குப் புகழ் பெற்றவர். அவருடைய தசாவதார நாடகம் மாதக்கணக்கில் ஓடியது. மேடையில் மெய்யான விலங்குகளும் கோயிலை நிகர்த்த அலங்காரங்களும் வரும் என்பார்கள். அத்தனை ஆடம்பரத்துக்கு நடுவிலும் அவை காத்திருந்தது பதின்பருவத்துப் பையன் ஒருவன் பாடப்போகும் பாட்டுக்கு. ஒரு பாட்டு முடிந்ததும் ஒன்ஸ்மோர் என்று கொட்டகை அதிரும். கதை அங்கேயே நிற்கும். மீண்டும் பாட்டு. நாடகக் கலையின் நோக்கில் இது குறைதான், ஒப்புக்கொள்கிறேன். இறந்து கிடப்பவன் எழுந்து மறுமுறை பாடிவிட்டு இறப்பதைப் பம்மல் சம்பந்த முதலியார் போன்றோரின் சபைகள் விரும்பவில்லை. ஆனால் டிக்கெட் வாங்கியவன் கதைக்காக வரவில்லை. கதை அவனுக்குப் பாட்டி சொல்லித் தெரியும்.

நம் வடசென்னைக்கும் இந்நாடக உலகத்துக்கும் இடையே ஒரு நடை தூரந்தான். வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடை என்று மக்கள் அழைத்த நாடகக் கொட்டகையில் அக்காலக் கம்பெனிகள் பலவும் முகாமிட்டன. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும், இராயபுரத்து மீனவர்களும், ஆலைத் தொழிலாளிகளும் அந்தத் தரை டிக்கெட் கூட்டத்தில் இருந்தார்கள். மறுநாள் காலை படகு தள்ளும்போது அந்த மெட்டுகள் கடற்கரையில் கேட்டிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது எனக்கு இன்பம். தொண்டை மண்டலத்துக் கூத்து மேளத்தில் இன்றும் முகவீணைக்குப் பக்கத்தில் ஆர்மோனியம் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று கூத்தரும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை.

காசி ஐயரின் வேலை எத்தகையது என்பதை இப்போது பார்க்கலாம். தம்பி எந்த இரவில் எந்தச் சங்கதியை எறிவார் என்று அண்ணனுக்கும் தெரியாது. ஒத்திகையில் இல்லாதது மேடையில் வரும். குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும். பெட்டியோ படிக்கட்டு, அதில் வழுக்க இடமில்லை. அந்த வழுக்கலை ஆர்மோனியத்தில் போலச்செய்ய ஒரு வழிதான் உண்டு. அடுத்தடுத்த கட்டைகளை மின்னல் வேகத்தில் மாறி மாறித் தொட்டு, காது இரண்டையும் ஒன்றாக எண்ணும்படி மயக்கவேண்டும். கட்டையை முழுதும் அழுத்தாமல் அரைகுறையாகத் திறந்து காற்றைக் கசியவிடுவதும் ஒரு தந்திரம். துருத்தியை மெல்ல நெருக்கி ஒரே சுரத்தை மலரச் செய்வது இன்னொன்று. இவற்றையெல்லாம் செய்துகொண்டே பின்பாட்டும் பாடி, மிருதங்கக்காரரின் முகத்தையும் பார்த்து, மேடையில் தம்பி சோர்ந்தால் தாங்கி, மிஞ்சினால் ஒதுங்கி நிற்கவேண்டும். குரலுக்குக் கைதட்டல் கிடைத்தது. பெட்டிக்குக் கூலி கிடைத்தது. உடன்பிறந்தவர் என்பதால் அது அவரை வருத்தவில்லை என்று நாம் சமாதானம் செய்துகொள்ளலாம்.

பாரதியார் பக்கம் வருவோம். சங்கீத விஷயம் என்னும் கட்டுரையில் அவர் ஆர்மோனியத்தைக் கடுமையாகச் சாடியது உண்மை. நாட்டில் மூலைக்கு மூலை பெட்டியைப் போட்டுக் கத்துவதால் மக்களின் சுர ஞானம் கெட்டுப்போகும் என்பது அவர் அச்சம். அச்சத்துக்கு அடிப்படை உண்டு. பெட்டியின் 12 சுரங்களும் ஒரு ஸ்தாயியைச் சம கூறாக வெட்டியவை. ஓர் அரைச்சுரத்தை 100 பங்காகப் பிரித்தால், பெட்டியின் அந்தர காந்தாரம் தம்பூராவில் தானே ஒலிக்கும் காந்தாரத்தைக் காட்டிலும் 14 பங்கு கூடுதலாக நிற்கிறது. பழகிய காது இதைப் பொறுக்காது. தோடியின் காந்தாரமோ நிற்கவே நிற்காது. அசைவே அதன் உயிர். அதைப் பெட்டியில் தேடுவது வரைபடத்தில் தண்ணீர் தேடுவதற்கு ஒப்பாகும். இரவீந்திரநாத் தாகூரும் பெட்டியை விரும்பவில்லை. 1940 மார்ச் முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தன் கதவை அடைத்தது. அத்தடை முப்பது ஆண்டுகள் நீடித்தது. நாட்டின் மேடைகளுக்கெல்லாம் சுருதி கொடுத்த வாத்தியம் நாட்டின் வானொலியில் தீண்டத்தகாததாயிற்று.

மகாகவியோடு மாறுபடுவது எளிதன்று. ஆயினும் ஒன்றைச் சொல்லவேண்டும். பாரதியார் அஞ்சிய கேடு கிட்டப்பாவுக்கு நேரவில்லை. பெட்டியின் பக்கத்திலேயே வளர்ந்த பையன் அவர். குருகுலவாசம் செய்து முறையாக வர்ணமும் கீர்த்தனமும் பாடம் கேட்டவரல்லர். கேள்வி ஞானமே பெரிது. அப்படியிருந்தும் தியாகையரின் எவரனி என்னும் கீர்த்தனத்தை அவர் இசைத்தட்டில் பாடியதைக் கேட்டுப் பாருங்கள். படிக்கட்டைக் கண்டு பழகிய குரல் படிக்கட்டாகிவிடவில்லை. தரை உறுதியாக இருந்ததால் அவர் துணிந்து பறந்தார் என்பதே என் கருத்து. எதுகை மோனை கவிதையைக் கெடுக்கிறதா என்று நாம் பத்து ஆண்டாக வாதிடுகிறோமே, அதற்கும் இதற்கும் உறவு உண்டு என்று தோன்றுகிறது. ஆனால் அதை வேறொரு மலருக்கு வைத்துக்கொள்கிறேன்.

1924இல் கிட்டப்பாவுக்குத் திருநெல்வேலியைச் சேர்ந்த கிட்டம்மாளோடு திருமணம் நடந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இலங்கை சென்ற அவர், அங்கே நாடகங்களில் பாடிப் புகழ் குவித்துக்கொண்டிருந்த கொடுமுடிப் பெண் கே.பி. சுந்தராம்பாளைச் சந்தித்தார். 1908இல் பிறந்த சுந்தராம்பாள், வறுமையால் சிறு வயதிலேயே இரயிலில் பாடிக் காசு சேர்த்தவர். இருவரையும் ஒரே மேடையில் நிறுத்தினால் யார் யாரை வீழ்த்துவார் என்று காண்பதற்கே கூட்டம் கூடிற்று. வள்ளி திருமணம் அதற்கு வாய்ப்பான நாடகம். வேலனும் வள்ளியும் தர்க்கம் செய்யும் கட்டம் அதில் உண்டே.

இங்கே பெட்டியின் கணக்கு மீண்டும் வருகிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடினால் சுருதி பகைக்கும். ஆணுக்கு இசைந்த கட்டையில் பெண் குரல் பாதாளத்தில் கிடக்கும். பெண்ணுக்கு இசைந்த கட்டையில் ஆண் திணறுவான். ஆகவே பெட்டிக்காரர் ஆளுக்கு ஒரு சுருதியாக மாற்றி மாற்றி வாசிப்பார். பாட்டு ஒட்டுப்போட்ட துணியாகும். சுந்தராம்பாளின் இயல்பான சுருதியில் கிட்டப்பா இயல்பாக நின்றார். காசி ஐயரின் பெட்டி ஒரே கட்டையில் உறைந்து நிற்க, இரு குரலும் ஒன்றை ஒன்று துரத்தின. இருவருடைய பிணைப்புக்கும் இரசிகர்கள் எத்தனையோ காரணம் சொல்வார்கள். ஒரே கட்டையில் இருவர் நிற்க முடிந்ததை நான் முதல் காரணமாகச் சொல்வேன்.

அவர்கள் 1927இல் வாழ்க்கையிலும் இணைந்தார்கள். கிட்டம்மாள் வீட்டில் இருந்தார். இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பலரும் அவரைக் கடந்து விரைந்து போய்விடுகிறார்கள். நானும் அவரைப் பற்றி அதிகம் சொல்ல அறியேன். ஆனால் அவர் இருந்தார் என்பதையாவது எழுதவேண்டும். சுந்தராம்பாளுக்குப் பிறந்த குழந்தை சில நாள்களே உயிர்வாழ்ந்தது. பிணக்குகள் வளர்ந்தன. சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் வெளியாயின. அவற்றைப் படித்தவர்கள் அந்தக் குரலின் உச்சத்தை முன்போல் கவலையின்றிக் கேட்க முடியாது. கலைஞனின் மேதைமை அவன் வீட்டாருக்குச் செய்த தீங்கை அழித்துவிடாது. இதை எழுதும்போது இரசிகன் என்ற முறையில் என் கை சற்றுத் தயங்குகிறது, ஆயினும் எழுதுகிறேன்.

அவருடைய மற்றொரு முகமும் உண்டு. தேசிய இயக்கம் கொழுந்துவிட்ட அந்நாளில் கிட்டப்பா கதர் அணிந்தார். மேடையிலே புராண வேடத்தில் நின்றுகொண்டே தேசபக்திப் பாடல்களைப் பாடினார். முருகன் வாயிலிருந்து சுதந்திரம் பற்றிய பாட்டு வருவதில் எவருக்கும் முரண்பாடு தெரியவில்லை. கொட்டகைக்குக் காவலுக்கு வந்த போலீசாரும் தாளம் போட்டதாகப் பழைய இரசிகர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

திருவொற்றியூர்க்காரனாகிய நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் ஊர் என்னை மன்னிக்காது. வள்ளலார் இளமையில் ஏழுகிணறுப் பகுதியில் வாழ்ந்தபோது நாள்தோறும் ஒற்றியூருக்கு நடந்து வந்து தியாகேசரையும் வடிவுடையம்மனையும் தொழுதவர். அந்தத் தெருப்புழுதியில் நடந்த கவிஞரின் பாடல்களுள், கோடை என்னும் சொல்லில் தொடங்கும் விருத்தத்தைக் கிட்டப்பா பாடியிருக்கிறார். இசைத்தட்டு ஒரு பக்கம் மூன்று நிமிடத்தை ஒட்டியே ஓடும். அச்சிறு பொழுதுக்குள் வெயிலும் நிழலும் தண்ணீரும் நம்மைத் தொட்டுச் செல்கின்றன. விருத்தத்துக்குத் தாளம் இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். தாளமில்லாத இடத்தில் பெட்டிக்காரருக்குப் பிடிக்கக் கொம்பு ஏதும் கிடையாது. பாடகர் எங்கே நிறுத்துவார் என்று அவருடைய மூச்சைக் கேட்டே அறியவேண்டும். சீர் பிரித்துப் படிக்கத் தெரிந்த நமக்கு, அந்தச் சீர்களுக்கு இடையே மூச்சு எங்கே விழுகிறது என்று காட்டும் பாடம் அது. யாப்பு வகுப்பில் எனக்கு இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் காயாத கானகத்தே பாட்டிலும் இந்தப் பாடம் இருக்கிறது. அதன் ஆசிரியர் 1922இலேயே மறைந்துவிட்டார். அவருடைய மாணவர் அதைப் பின்னர் எந்த உயரத்துக்குக் கொண்டுபோனார் என்பதை அவர் கேட்கவில்லை.

1931 அக்டோபரில் முதல் தமிழ் பேசும் படம் காளிதாஸ் வெளிவந்தது. நாடக நடிகர்கள் ஒவ்வொருவராகப் படக்கொட்டகைக்குப் பெயர்ந்தார்கள். கிட்டப்பா பெயரவில்லை. அதற்குள் அவர் உடல் உலர்ந்துகொண்டிருந்தது. ஓய்வற்ற இரவுகள், ஐந்து கட்டையில் கிடந்து உழன்ற உழைப்பு, அதனோடு குடிப்பழக்கம். 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் அவர் இறந்தார். அப்போது வயது 27. எத்தனை கவிஞர்கள் அந்த வயதில்தான் முதல் தொகுதியை வெளியிடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்றுமுதல் வெள்ளைச் சேலை உடுத்தினார். பிற ஆடவரோடு காதல் இணையாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். 1935இல் நந்தனார் படத்தில் ஆண் வேடம் ஏற்று நந்தனாராகவே நடிக்க ஒப்புக்கொண்டார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய். அந்நாளில் நாடே வியந்த தொகை. 1953இல் ஔவையார் ஆனார். 1980இல் காலமாகும் வரை அந்தச் சுருதி அவரிடம் பெரிதாக இறங்கவில்லை. ஒரே கட்டையில் நின்ற இரு குரல்களில் ஒன்று மட்டும் 47 ஆண்டுகள் தனியே நின்று பாடியது.

தண்டையார்பேட்டை முதியவரிடம் இக்கட்டுரையின் முதல் படியைப் படித்துக் காட்டினேன். மெலோடியனையும் சீனத்தையும் பற்றி எழுதியதில் அவருக்கு அக்கறை இல்லை. அப்போது அவர் மடியில் எங்கள் பகுதிப் பஜனை மடம் ஒன்றின் பெட்டி திறந்து கிடந்தது. கடற்காற்றின் உப்பு பித்தளை நாக்குகளில் பச்சையாகப் பூத்திருந்தது. தோல் மூடிகள் விறைத்திருந்தன. துருத்தியின் மடிப்பு ஒன்றை எலி கடித்திருந்தது. எண்ணூர் முதல் இராயபுரம் வரை கடலை ஒட்டியிருக்கும் பெட்டிகளுக்கெல்லாம் இதே நோய்தான் என்றார். ஒவ்வொரு நாக்காகக் கழற்றித் துடைத்து, நுனியில் ஒரு சுரண்டல், காதருகே ஒரு மீட்டல், மீண்டும் ஒரு சுரண்டல். ஐந்தாம் வெள்ளைக் கட்டை மட்டும் நெடுநேரம் பிடிவாதம் செய்தது. நான் கொண்டுசென்றிருந்த கிட்டப்பாவின் பாட்டை ஒலிக்கவிட்டேன். முதியவர் குரலைக் கேட்கவில்லை. தலையைச் சாய்த்து, அதன் அடியில் இரைச்சலுக்குள் மங்கலாக ஓடிக்கொண்டிருந்த பெட்டியைத் தேடிக் கேட்டார். பிறகு கத்தியை எடுத்து அந்த ஐந்தாம் நாக்கின் வேர்ப்பக்கத்தில் இலேசாக ஒரு கோடு இழுத்தார்.